அட்டையைத் திருப்பி அனுப்பாதவர்கள்

ஒஹாயோவில் இருக்கும் என் சித்தப்பாவின் அலமாரியில் இரண்டு வகை மர்ம நாவல்கள் உண்டு. முதுகு மடிந்து, ஓரம் நைந்தவை ஒரு வகை. இன்னொரு வகை, பிரிக்கவே படாதவை. "அது நான் வாங்கினது இல்லடா, தானா வந்தது" என்றார். தொண்ணூறுகளில் தபால்வழிப் புத்தகக் கிளப் ஒன்றில் உறுப்பினராக இருந்தாராம். சேர்ந்ததில் லாபமா, நஷ்டமா என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

இந்தக் கிளப்புகளின் ஏற்பாடு எளிமையானது. சேரும்போது சில புத்தகங்கள் கிட்டத்தட்ட இலவசம். பதிலுக்கு, குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனை புத்தகம் கிளப் விலையில் வாங்கியாக வேண்டும். தபால் செலவு தனி. அவ்வப்போது ஓர் அறிவிப்பும் பதில் அட்டையும் வரும். 'வேண்டாம்' என்று எழுதி அனுப்பாவிட்டால் அந்த மாதத் தேர்வு பில்லோடு வீட்டுக்கு வந்து நிற்கும். மௌனம் சம்மதம்! 1926-இல் தொடங்கிய 'புக் ஆஃப் தி மந்த் கிளப்' பிரபலமாக்கிய உத்தி இது. 1973-இல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு, பதில் அனுப்பக் குறைந்தது 10 நாள் தர வேண்டும் என்று விதி போட்டது.

இத்தனைக்கும், நல்லதும் நடந்திருக்கிறது. 1953-இல் டபுள்டே தொடங்கிய 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் புக் கிளப்பை' எடுத்துக்கொள்ளுங்கள். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' நாவல்கள் மூன்றும் 1951 முதல் 1953 வரை நோம் பிரஸ் என்ற சின்னப் பதிப்பகத்தில் வந்தவை. அவற்றை ஒரே கெட்டி அட்டைப் புத்தகமாக்கி, சேருபவர்களுக்கான சலுகையாகப் பல வருடம் கொடுத்தது அந்தக் கிளப். பக்கத்தில் நல்ல புத்தகக்கடை இல்லாத ஊர்ப் பையனுக்கு ஒரு மரபே தபால்பெட்டியில் வந்து இறங்கியது. காகிதம் மட்டம், மேலுறையில் விலை கிடையாது, பழைய புத்தகச் சேகரிப்பாளர்கள் பெரிதாக மதிப்பதில்லை. படிக்கிறவனுக்கு அதனால் என்ன?

சித்தப்பாவின் பிரிக்காத வரிசையிலிருந்து ஒன்றை உருவினேன். டோனி ஹில்லர்மன் எழுதிய 'எ தீஃப் ஆஃப் டைம்', 1988. நவாஹோ பழங்குடிப் போலீஸ் கதை. காணாமல்போன ஒரு மானுடவியலாளர், களவுபோகும் பழங்காலப் பானைகள். ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது லீப்ஹார்ன். மனைவி இறந்தபின் வேலையை விட்டுவிடத் துணிந்த மனிதர். துப்பறிவது அவருக்குத் துக்கத்தைத் தள்ளிப்போடும் வேலை. யார் கொலையாளி என்பதையே நான் ஒரு கட்டத்தில் மறந்துவிட்டேன்.

சித்தப்பாவுக்குக் கோர்ட்டு நாவல்கள்தான் இஷ்டம். அந்த மாதம் ஞாபகமாக அட்டையை அனுப்பியிருந்தால் இந்த நாவல் அந்த வீட்டுக்கே வந்திருக்காது.

இதை வைத்து உத்தியை நியாயப்படுத்த மாட்டேன். மறதியைக் காசாக்குவது, மறதியைக் காசாக்குவதுதான். ஆனால் ரசனையில் ஒரு சிக்கல் இருக்கு. நமக்குப் பிடித்ததை மட்டுமே தேர்ந்தெடுத்தால், பிடிக்கும் என்றே தெரியாத ஒன்றிடம் எப்படிப் போய்ச் சேருவது? இன்று நம் போன் முன்பு பிடித்ததையே திரும்பத் திரும்ப நீட்டுகிறது. அந்த அட்டை தப்பித்தவறியாவது வேறொன்றைக் கொண்டுவந்தது.

ஆகவே என் தீர்ப்பு: இப்படி ஒரு கிளப் கிடைத்தால் சேரலாம். கடமைக் கணக்கு முடிந்ததும் வெளியேறிவிடலாம். ஒரே நிபந்தனை, தானாக வந்ததையும் ஒருமுறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். ஊர் திரும்பும்போது ஹில்லர்மனை எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். "எடுத்துக்கோ, அதுக்கு நான் காசு குடுத்தாச்சு" என்றார் சித்தப்பா.