தீராத வழக்கும் தீர்ந்துவிடும் படங்களும்

நம் குற்றப்படங்களுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. வழக்கைத் தீர்க்காமல் படத்தை முடிக்க அவற்றுக்குத் தைரியம் கிடையாது. குற்றவாளி பிடிபட வேண்டும், அல்லது சாக வேண்டும். இரண்டும் நடந்தால் விசேஷம். இது ஜனரஞ்சகப் படங்களின் வியாதி மட்டுமே என்றால் இதை எழுத வேண்டிய அவசியமில்லை. அக்கறையோடும் கோபத்தோடும் எடுக்கப்பட்ட, மரியாதைக்குரிய படங்களிலும் இதே அவசரம் இருக்கிறது என்பதுதான் பிரச்னை.

நான் வேலை பார்க்கும் வங்கியில், எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாமல் நிற்கும் தொகையை ‘சஸ்பென்ஸ்’ என்ற தலைப்பில் போட்டு வைப்போம். தீரும்வரை அது அங்கேயே கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும். சினிமாக்காரர்கள் இதே சொல்லை, அடுத்த காட்சியில் தீர்ந்துவிடுகிற பதைப்புக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். துக்கம் வங்கிக்காரன் அர்த்தத்தில்தான் சஸ்பென்ஸ்.

இதை உணர்ந்து எடுக்கப்பட்ட படம் மார்ட்டின் மெக்டோனாவின் ‘த்ரீ பில்போர்ட்ஸ் அவுட்சைட் எப்பிங், மிஸ்ஸூரி’ (2017). மகளை வன்புணர்ந்து கொன்றவன் யாரென்று தெரியவில்லை. தாய் மில்ட்ரெட் ஊருக்கு வெளியே மூன்று விளம்பரப் பலகைகளை வாடகைக்குப் பிடித்து, போலீஸ் அதிகாரியின் பேரைச் சொல்லிக் கேள்வி எழுதி வைக்கிறாள். மகள் கடைசியாக வீட்டைவிட்டுப் போனது தாயோடு சண்டை போட்டுக்கொண்டுதான். அந்தச் சண்டையில் தாயின் வாயிலிருந்து வந்த சொல் அப்படியே பலித்தும்விட்டது. ஆகவே அவளுடைய கோபம் பாதி போலீஸ் மேல், பாதி தன் மேல். குற்றவாளி கிடைத்தாலும் இந்த இரண்டாவது பாதிக்கு என்ன செய்வது? டைரக்டருக்கு இது தெரிந்திருப்பதால் குற்றவாளி கடைசிவரை கிடைப்பதில்லை. இவன்தானோ என்று தோன்றும் ஒருவனும் இல்லை என்றாகிவிடுகிறான். அப்படியும் அவனைக் கொல்லலாமா என்று மில்ட்ரெட்டும், டிக்ஸன் என்ற போலீஸ்காரனும் காரில் கிளம்புகிறார்கள். நிச்சயமாகக் கொல்வார்களா என்று அவர்களுக்கே தெரியாது. வழியில் யோசித்துக்கொள்ளலாம் என்பதோடு படம் நின்றுவிடுகிறது.

குறை இல்லாத படமல்ல. கறுப்பின மக்களைச் சித்திரவதை செய்தவன் என்று பேர் வாங்கிய டிக்ஸனை, அடிபட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, மனந்திருந்தியவனாக்கி அவள் பக்கத்து ஸீட்டில் உட்கார வைத்துவிடுகிறார் மெக்டோனா. இந்தச் சௌகரியத்தை தர்மபுரி ஜில்லாவில் உட்கார்ந்து பார்க்கிற எவனாலும் ஜீரணிக்க முடியாது. காரணம் பின்னால் வருகிறது.

‘ஜெய் பீம்’ (2021) படத்தை எடுத்துக்கொள்வோம். செங்கேணி போலீஸ் ஜீப்பில் ஏற மறுத்து நடக்கிறாள். ஜீப் அவள் பின்னாலேயே ஊர்ந்து வருகிறது. தமிழ் சினிமாவில் கோபம் இவ்வளவு மௌனமாக, இவ்வளவு ஸ்தூலமாக வெளிப்பட்ட தருணங்கள் மிகக் குறைவு. நடந்து கடக்க ஆகும் நேரத்தை டைரக்டர் ஞானவேல் அவளுக்கு முழுசாகக் கொடுக்கிறார். ஆனால் அந்த ஒரு காட்சிக்குத்தான் இந்தத் தாராளம். அப்புறம் கோபம் வக்கீலிடம் போய்விடுகிறது. அவருடைய மூளையும் குரலும் வழக்கை நடத்த, இவள் சாட்சியாகி, பிறகு பார்வையாளராகிறாள். படத்துக்கு ஆதாரமான வழக்கில் கணவர் போலீஸ் காவலில் அகப்பட்டது 1993இல். போலீஸ்காரர்களுக்கு உயர்நீதிமன்றம் தண்டனை விதித்தது 2006இல். இடையிலிருந்த பதின்மூன்று வருஷம் படத்தில் இல்லை. அந்த வருஷங்கள்தான் அந்தப் பெண்ணின் வாழ்க்கை.

இதே ஜில்லாவில், அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். ஊரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்கள் வன்புணர்ச்சி செய்யப்பட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பதே அப்போதைய அரசுத் தரப்பின் பேச்சு. மத்திய புலனாய்வுத்துறை விசாரணைக்கு 1995வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தர்மபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29இல். உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023இல் அதே தேதியில். ஆக முப்பத்தொரு வருஷம். இங்கே கொலையாளி யார் என்ற மர்மமே கிடையாது. செய்தவர்கள் சீருடையில் பகலில் வந்தவர்கள். தெரிந்த குற்றம் முப்பத்தொரு வருஷம் தீராமல் கிடந்தது. மில்ட்ரெட்டுக்கு இல்லாத கொடுமை இது.

வாச்சாத்தியை நினைவுபடுத்தும் காட்சிகள் வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகத்தில் (2023) வருகின்றன. அந்தப் படத்துக்கு நிதானமான கோபம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. காயம்பட்ட கிழவியை ஜீப்பில் ஏற்றிப்போனதற்கு மன்னிப்புக் கேட்க மறுத்து, ஏவுகிற எடுபிடி வேலையையெல்லாம் செய்துகொண்டே தன் மறுப்பைக் கைவிடாமலிருக்கும் குமரேசன் அருமையான சிருஷ்டி. ஆனால் ஸ்டேஷனில் ஆடை உருவப்பட்டுச் சித்திரவதைப்படும் பெண்களுக்கு அந்த நிதானம் கிடைப்பதில்லை. அவர்களுடைய அலறல் குமரேசனைக் கூரைமேல் ஓட வைக்கும் விசை. அவன் ஓடி முடித்ததும் நாமும் மூச்சு விட்டுக்கொள்கிறோம். அடுத்த நாள் காலையில் அந்தப் பெண்கள் எழுந்து என்ன செய்தார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை என்றால், அது படத்தின் உருவம் நமக்குச் செய்த காரியம்.

ஒரு எதிர்வாதம் எனக்குத் தெரியும். வழக்கைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கலை பண்ணுவது, நீதி ஓரளவுக்காவது கிடைக்கிற தேசத்துக்காரன் ஆடம்பரம்; இங்கே அடிபட்டவனுக்குத் திரையிலாவது ஒரு வெற்றி வேண்டாமா? இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் வெற்றி யாருடையது? வாச்சாத்தி தீர்ப்பைக் கொண்டுவந்தது ஒருநாள் ஆவேசமான வாதம் அல்ல. கட்சிக்காரர்களும் பழங்குடி மக்கள் சங்கமும் துணை நின்றார்கள், வக்கீல்கள் வாதாடினார்கள், எல்லாம் வாஸ்தவம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அந்தப் பெண்கள் சொன்னதைத் திரும்பத் திரும்ப, மாற்றாமல் சொன்னது. கூலி போனாலும் வாய்தாவுக்கு வந்து நின்றது. அவமானம் என்று ஊரும் உலகமும் சொன்னதை, கோர்ட்டில் தன் வாயால் சொல்லும் காரியமாக மாற்றியது. காத்திருத்தல் என்று நாம் மந்தமாகச் சொல்லிவிடுகிற இதுதான் அவர்களுடைய கோபத்தின் உருவம். இதை வெட்டி எறிந்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் காட்டுகிற படம், வெற்றியை அவர்களிடமிருந்து பிடுங்கி வேறு யாரிடமோ கொடுத்துவிடுகிறது.

தீர்ப்பு வந்தாலும் வழக்கு தீர்ந்துவிடுகிறதா என்ன? 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். மீதி 215 பேருக்குத்தான் தண்டனை. செத்த 54 பேரும் குற்றவாளிகள் என்று எந்தக் கோர்ட்டும் இனிச் சொல்லப்போவதில்லை. அந்த ஊரில் யாரோ ஒரு பெண்ணுக்கு, அந்த 54 பேரில் ஒருவன் முகம் ஞாபகமிருக்கலாம். அந்த ஞாபகத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரிந்த டைரக்டர் நம்மிடம் இன்னும் வரவில்லை.