நஸ்னாஸ், ஷாதஹ்வார், யாளி: ஆட்டத்தில் மறக்கப்பட்ட அற்புதப் பிறவிகள்

“ஹஜ்ரத், பூதங்கள் வரும் கதையாட்டம் ஆடலாமா?” என்று அண்மையில் மாணவர் ஒருவர் நம்மிடம் வினவினார். வினா சிறிது, விடை அவ்வளவு எளிதன்று.

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் பாத்திரமேற்றுத் தம் செயலைச் சொல்லிப் பகடை உருட்டுவர். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு மூலமாகும். 1977இல் வந்த அதன் ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்னும் பூதங்களின் தொகுப்பில் ஜின், இஃப்ரீத், கூல் ஆகிய அரபுப் பெயர்கள் உள்ளன. ஆனால் பெயர் சென்ற அளவிற்குப் பொருள் செல்லவில்லை. அரபு அற்புத நூல்களில் உலகைச் சுமக்கும் காளைக்கும் கீழே கிடக்கும் பெருமீனான பஹமூத், அங்கே சிறகுள்ள டிராகன்களின் அரசனாகிவிட்டது.

ஜின் நம் ஈமான் சார்ந்தது. அதனைப் பகடைக்குரிய பொருளாக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. கூல் இல்லையென மறுக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. அதன் கருத்தில் அறிஞர்கள் வேறுபட்டுள்ளனர். இவ்விரண்டையுமே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோர், அருகிலிருக்கும் வேறு பிறவிகளைக் காணாததே நம் குறை.

கி.பி. 1283இல் மறைந்த கஸ்வீனீ, ‘அஜாயிபுல் மக்லூகாத்’ நூலில் ஷாதஹ்வார் என்னும் விலங்கைக் கூறுகிறார். அதன் ஒற்றைக் கொம்பில் 42 துளையுள்ள கிளைகள். காற்று புகுந்தால் இன்னிசை எழும். விலங்குகள் அதைக் கேட்கக் கூடும். அக்கொம்பு அரசர்களுக்குக் காணிக்கையாகுமாம். கொம்பு வேண்டுமென்றால் பாடும் பிராணியைக் கொல்ல வேண்டும். இதைவிட நல்ல கதைமுடிச்சு வேறென்ன வேண்டும்?

நஸ்னாஸ் இன்னும் ஆழமானது. பாதித் தலை, ஒரு கை, ஒரு கால். துள்ளித் துள்ளி ஓடும். அரபியும் பேசும் என்பர். யமன் பக்கத்தில் அதனை வேட்டையாடி உண்டதாகக் கதைகள் உள. கி.பி. 1405இல் மறைந்த தமீரீ, ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில் அதை உண்ணலாமா என்ற ஃபிக்ஹு ஆய்வையும் பதிவு செய்கிறார்: மனித வடிவம் கொண்டதால் கூடாது என்பது சட்ட அறிஞர் சிலரின் முடிவு. கற்பனைப் பிறவியின் முன்னும் நம் முன்னோர் கேட்டது, “இதன் உரிமை என்ன?” என்பதே. மேற்கின் தொகுப்போ பெரும்பாலும் அதன் வலிமையையும் புதையலையும் எண்ணுகிறது. விளையாட்டில் நாம் காணும் பெருங்குறை இதுவே.

நம் மதுரைப் புதுமண்டபத்தைக் காண்க. பல்லாண்டுகள் தையற்கடைகளும் புத்தகக்கடைகளும் இயங்கிய அம்மண்டபத்தில், 17ஆம் நூற்றாண்டின் யாளிகள் தூண்களில் சீறி நிற்கின்றன. சிங்க உடலும், சிலவற்றில் யானைத் துதிக்கையும் கொண்ட அவற்றை அறியாதார் இல்லை. அவற்றின் கதையைச் சொல்வார் அரியர். அவை எதைக் காக்கின்றன, எவரைத் தடுக்கின்றன என்று கேட்கத் தொடங்கினாலே ஓர் ஆட்டம் பிறந்துவிடும். வினாவால் வளர்வது நமக்குப் புதிதன்று. 1572இல் இம்மதுரையில் அரங்கேறிய ‘ஆயிரம் மசலா’வே வினாவிடை நூலன்றோ!

மாணவருக்கு நாம் சொன்ன விடை இது: சூதும் தொழுகை மறதியும் இல்லையெனில், கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால் பூதத்தைக் கொல்லுமுன் அதனுடன் பேசுங்கள். அவர் தமீரீயின் நூலைக் கேட்டார். தூசி தட்டித்தான் எடுத்துக் கொடுத்தோம். அத்தூசிக்கு மேற்கு பொறுப்பன்று, நாமே பொறுப்பு.