கரோலின் மட்டில்டா: வரலாற்றுப் புனைவுகளில் ஓர் அரசி

டென்மார்க் அரசி கரோலின் மட்டில்டா (1751–1775), ஐரோப்பிய எழுத்தாளர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்ட வரலாற்றுப் பாத்திரம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் கடைசித் தங்கை. 1766-ல், பதினைந்து வயதில், டென்மார்க் மன்னர் ஏழாம் கிறிஸ்டியனுக்கு மணமுடித்து அனுப்பப்பட்டார். மன்னருக்கு வயது பதினேழு. அவருடைய மனம் நிலையில் இல்லை என்பது சில ஆண்டுகளுக்குள் அரண்மனையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1808-ல் இறக்கும்வரை அவர் மன்னராகவே இருந்தார்.

இவ்வரலாற்றை ஆங்கிலத்தில் நோரா லாஃப்ட்ஸ் 1969-ல் ‘தி லாஸ்ட் குயின்’ என்ற நாவலாக எழுதினார். ஸ்வீடிஷ் எழுத்தாளர் பெர் ஓலோவ் என்க்விஸ்ட் 1999-ல் எழுதிய நாவல் ‘அரச மருத்துவரின் வருகை’. நிக்கொலாய் ஆர்செல் இயக்கிய டேனிஷ் திரைப்படம் ‘எ ராயல் அஃபேர்’ 2012-ல் வெளிவந்தது. அது போடில் ஸ்டீன்சன்-லெத் எழுதிய நாவலைத் தழுவியது. இவற்றுள் என்க்விஸ்டின் நாவலும் ஆர்செலின் படமும் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை.

கதை சுருக்கமாக இது. 1768-ல் ஜெர்மானியரான ஸ்ட்ரூவன்சே மன்னரின் மருத்துவராகச் சேர்கிறார். மன்னரின் நம்பிக்கையைப் பெறுகிறார். 1770-ல் பட்டத்து இளவரசருக்கு அம்மைப்பால் குத்தியபின் அரசியின் நம்பிக்கையையும் பெறுகிறார். அது காதலாகிறது. மன்னர் பெயரால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகள் பிறக்கின்றன. பத்திரிகைத் தணிக்கை ஒழிகிறது, சித்திரவதை நிறுத்தப்படுகிறது. 1772 ஜனவரி 17 விடியுமுன், முகமூடி நடனம் முடிந்த இரவில், மாற்றாந்தாய் யூலியானே மாரியாவின் அணியினர் மன்னரை எழுப்பிக் கைது ஆணைகளில் கையெழுத்து வாங்குகின்றனர். ஸ்ட்ரூவன்சேயின் தலை வெட்டப்படுகிறது. அரசி மணவிலக்குச் செய்யப்பட்டு ஹனோவர் நாட்டின் செல்லே நகருக்கு அனுப்பப்படுகிறார். அங்கேயே, 23 வயதில், செங்காய்ச்சலில் இறக்கிறார்.

என்க்விஸ்டின் நாவலில் மிக உயிரோட்டமுள்ள பாத்திரம் மன்னர்தான். சிறுவயதில் அடித்து வளர்க்கப்பட்டவர். அரண்மனை ஒரு நாடக மேடை, தமக்குத் தரப்பட்ட வசனத்தை மறந்தால் தண்டனை உண்டு என்று நம்புபவர். நோயாளியை வேடிக்கைப் பொருளாக்காமல் அவருடைய அச்சத்தின் உள்ளே நின்று எழுதியது இந்நாவலின் பெரிய சாதனை. குறை ஒன்று உண்டு. வளர்ப்புமுறையின் கொடுமையே நோய்க்குக் காரணம் என்பதாக நாவல் அதிகம் சாய்கிறது. அடிபட்டு வளர்ந்த இளவரசர்கள் அக்காலத்தில் ஏராளம். அவர்கள் எல்லோரும் இப்படி ஆகவில்லை.

படத்தில் மன்னராக நடித்த மிக்கெல் ஃபோல்ஸ்கார்ட், பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி விருது பெற்றார். குறும்பும் வெட்கமும் பயமும் ஒரே முகத்தில் மாறி மாறி வருகின்றன. அரசவையில் பேச மன்னருக்கு மருத்துவர் நடிகரைப் போலப் பயிற்சி தரும் காட்சிகள் படத்தின் சிறந்த பகுதி.

ஆனால் அரசி? படம் அவர் தம் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதமாகவே சொல்லப்படுகிறது. அப்படியிருந்தும் மருத்துவர் வந்தபிறகுதான் அவர் கதையில் முழுமையாக உயிர் பெறுகிறார். நாவலிலும் அப்படியே. 1766 முதல் 1770 வரையிலான நான்கு ஆண்டுகள் இரண்டிலும் காதலுக்கு முன்னுரையாகச் சுருங்குகின்றன. நோயுற்ற கணவரோடு ஒரு சிறுபெண் தனியே வாழக் கற்றுக்கொண்ட ஆண்டுகள் அவை. அப்போது நடந்தவை சிறியவை அல்ல. அவருக்குத் துணையாயிருந்த மூத்த பணிப்பெண் லூயிசே ஃபோன் பிளெசன் 1768-ல் அரண்மனையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டில் மன்னர் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டு லண்டனுக்கும் சென்றார். மனைவியின் பிறந்த வீடு அது. மனைவியை அழைத்துச் செல்லவில்லை. மூன்று மாதக் குழந்தையோடு அவர் கோபன்ஹேகனிலேயே இருந்தார். ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

காதலை மையமாக்குவதால் வேறொன்றும் மறைகிறது. 1665-ஆம் ஆண்டின் அரச சட்டப்படி டென்மார்க்கில் எல்லா அதிகாரமும் மன்னர் ஒருவருடையது. அவர் சித்தம் கலங்கியவர் என்று ஒப்புக்கொண்டால் ஆட்சியே கேள்விக்குள்ளாகும். எனவே மனிதர் தேவைப்படவில்லை, கையெழுத்து தேவைப்பட்டது. (நம் தரங்கம்பாடி அன்று டேனிஷ் குடியேற்றம். அங்கே அடிக்கப்பட்ட செப்புக் காசுகளிலும் இந்த ஏழாம் கிறிஸ்டியனின் முடி சூடிய பெயர்ச்சின்னம் உண்டு. காசைக் கையில் வாங்கிய மீனவருக்கு அந்த மன்னரின் நிலை எப்படித் தெரியும்?) 1771 ஜூலையில் ஸ்ட்ரூவன்சேயின் கையொப்பமே மன்னரின் கையொப்பத்துக்குச் சமம் என்று ஆணை பிறந்தது. ஆறே மாதத்தில் மன்னரின் கையொப்பம் எதிரணிக்குப் போயிற்று. அரசி தோற்றது கணவரின் நோயால் மட்டுமன்று. அந்த நோயை யார் பக்கத்தில் இருந்து காவல் காத்தார்களோ அவர்களிடம் தோற்றார். மணவிலக்கு வழக்கில் அவருடைய நடத்தை விசாரிக்கப்பட்டது. கணவரின் மனநிலை விசாரிக்கப்படவில்லை. என்க்விஸ்டுக்கு இது நன்றாகத் தெரிகிறது. ஆனால் அதை அவர் சொல்வது சூழ்ச்சிக்காரர் குல்ட்பெர்க்கின் வழியாக, அரசியின் வழியாக அல்ல.

ஒப்பிட, அண்ணன் மூன்றாம் ஜார்ஜும் 1788-ல் மனநோய்க்கு ஆளானார். ஆலன் பென்னெட்டின் 1991-ஆம் ஆண்டு நாடகத்தில் அவருடைய மனைவி சார்லட்டை மருத்துவர்களும் அரசியல்வாதிகளும் கணவரிடமிருந்து பிரிக்கிறார்கள். பாசமுள்ள, ஆனால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனைவி. பிற்காலத்தில் கணவரிடம் அவருக்கு உண்டான அச்சம் அதில் இடம்பெறவில்லை. பயந்த மனைவியை மேடையேற்றுவது கடினம்.

இன்னொரு பெண்ணும் இருக்கிறார். 1772-க்குப்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நோயாளி மன்னரைத் தம் பக்கத்தில் வைத்திருந்தவர் யூலியானே மாரியா. நாவலிலும் படத்திலும் அவர் வில்லி மட்டுமே. ஆட்சி கவிழ்ந்த இரவோடு அவரது கதை முடிந்துவிடுகிறது. வரலாற்றில் முடியவில்லை. 1784-ல் கரோலின் மட்டில்டாவின் மகன் ஃபிரடெரிக், பதினாறு வயதில், அரசவைக் கூட்டத்தில் ஒரு தாளைத் தந்தையின் முன் நீட்டினான். மன்னர் கையெழுத்திட்டார். யூலியானே மாரியாவின் ஆட்சி அன்றே முடிந்தது.