பனிநிலக் கலையும் முதற்பொருளும்

கலைகளுள் சில எதிரே நின்று நோக்கத்தக்கவை. சில உள்ளே புகுந்து துய்க்கத்தக்கவை. ஓவியம் சுவரில் நிற்கும். காண்பவர் அதன் எதிரே நிற்பர். கடந்த சில பத்தாண்டுகளாக மேலைநாடுகளில் பெருகியுள்ள நிறுவற்கலை இவ்வெல்லையை நீக்கிவிட்டது. ஓர் இடத்தையே கலைப்பொருளாக அமைத்து, காண்பவரை அதனுள் புகவிட்டு, கண்ணோடு செவியும் மெய்யும் ஒருங்கே துய்க்கச் செய்தல் அதன் இயல்பு. இக்கலைஞருள் சிலர், மக்களுள் மிகச் சிலரே நேரிற் கண்ட வடமுனைப் பகுதிப் பனிநிலங்களைத் தம் படைப்புக்குப் பொருளாகக் கொண்டுள்ளனர். சென்று காண்டற்கு அரிய நிலத்தை இருந்த இடத்திலேயே காட்ட இயலுமா என்பது அவர்கள் எழுப்பும் வினா. அதற்கு மூன்று படைப்புகள் தரும் விடைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குத் தொல்காப்பியப் பொருளதிகாரம் ஓர் அளவுகோலைத் தருகின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய விலங்கும் மரமும் புள்ளும் பிறவும் கருப்பொருள். அவற்றிடையே நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள் என அந்நூல் பகுத்துரைக்கும். செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தைப் பிறநாட்டுக் காட்சிக்கலையின்மேல் ஏற்றுதல் பொருந்துமா என ஐயுறுவார் உளர். அக்கலைஞர் இவ்விலக்கணத்தை அறிந்து படைத்தனர் என்பது நம் கருத்தன்று. இடம் கலையில் யாங்ஙனம் உணர்வாக மாறுகின்றது என்பதை இத்துணை நுட்பமாகப் பகுத்தாய்ந்த நூல்கள் சிலவே; ஆதலின் அப்பகுப்பு இங்கும் விளக்கம் தரும் என்பதே நம் துணிபு. மேலும், திணைகள் தம்முள் மயங்குதலை விலக்காத ஆசிரியர், இரு நிலங்கள் ஓரிடத்தே கலத்தலை மட்டும் உடன்படவில்லை. எனவே மயங்குதற்கு உரியது பொழுதே என உரையாசிரியர் கொள்வர். இவ்வரையறை ஈண்டுப் பெரிதும் பயன்படும்.

முதலாவது, ஓலாஃபர் எலியாசன் என்னும் கலைஞரும் கிரீன்லாந்தில் பிறந்த நிலவியல் அறிஞர் மினிக் ரோசிங்கும் இணைந்து அமைத்த ‘ஐஸ் வாட்ச்’. கிரீன்லாந்துப் பெரும்பனிப் பரப்பிலிருந்து முன்னரே உடைந்து, நூக் நகரை அடுத்த கடற்கழியில் மிதந்த பனிப்பாளங்களை எடுத்துக் குளிரூட்டிய கலங்களில் ஏற்றிவந்து நகர் நடுவே வைத்தனர். 2014இல் கோபன்ஹேகன் நகர மன்றச் சதுக்கத்திலும், 2015இல் உலகக் காலநிலை மாநாடு நிகழ்ந்தபொழுது பாரிஸ் நகரிலும் 12 பாளங்கள் கடிகார முகத்தின் வடிவில் வட்டமாக வைக்கப்பெற்றன. 2018இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் முன் 24 பாளங்களும், அந்நகரின் வணிகப் பகுதியில் 6 பாளங்களும் இடம்பெற்றன. அவை ஒவ்வொன்றும் 1.5 முதல் 6 டன் வரை எடையுடையன. வழிச்செல்வோர் அவற்றைத் தொட்டனர், தழுவினர், பன்னெடுங்காலம் உள்ளே அடைபட்டிருந்த காற்றுக்குமிழிகள் வெடிக்கும் ஒலியைச் செவி வைத்துக் கேட்டனர்.

உருகுதலைக் கண்டு வருந்துமாறு செய்யும் படைப்பு, தானே எரிபொருளைச் செலவிட்டுப் பனியைக் கொணர்தல் முரணன்றோ என்னும் கண்டனம் எழுந்தது. பாரிஸ் படைப்பால் வெளிப்பட்ட கரிவளியின் அளவு ஏறத்தாழ 30 டன் எனக் கணக்கிட்டு வெளியிட்டனர். கணக்கை மறையாமை பாராட்டத்தக்கது. ஆயினும் கலைத் திறனாய்வு எழுப்ப வேண்டிய வினா வேறு. வந்தது பனிக்கட்டியா, பனிநிலமா என்பதே அது. நீரையும் கருப்பொருளுள் அடக்குவர் உரைகாரர். அம்முறையில் நோக்கின், பாரிஸ் நகருக்கு வந்தது கருப்பொருளே, நிலம் வரவில்லை. பாளத்தைச் சூழ்ந்து நின்றவை மாடங்களும் ஊர்திகளும் மக்களுமே. இரு நிலங்கள் ஓரிடத்தே கலவா என்னும் வரையறை இங்கு மெய்யாகின்றது.

எனின், அப்படைப்பு தோற்றதோ? அன்று. நிலத்தைக் கொணர இயலாத அது, பொழுதைக் கொணர்ந்தது. பாளங்களைக் கடிகாரமாக அடுக்கியமையும், காவலையும் கடிகாரத்தையும் ஒருங்கே குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பெயராகக் கொண்டமையும் இதனை வலியுறுத்தும். பல நூற்றாண்டுகளில் இறுகிய பனி, சில நாள்களில் காண்போர் கண்முன் நீராய் ஓடியது. முன்பனி, பின்பனி எனப் பனியைப் பெரும்பொழுதாக வகுத்த நம் மரபு, அதற்கென ஒரு நிலம் வகுக்கவில்லை. நம் நாட்டின் தட்பவெப்பமே அதற்குக் காரணம் என்பது வெளிப்படை. எனினும், எலியாசன் படைப்பிலும் பனி நிலமாக நில்லாது பொழுதாகவே நிற்றல் நோக்கத்தக்கது.

இரண்டாவது படைப்பு கருப்பொருளையும் கொணரவில்லை. கேட்டி பேட்டர்சன் 2007இல் தொடங்கிய படைப்பில், ஐஸ்லாந்தின் வாட்னாயோகுல் பனியாற்றை ஒட்டிய யோகுல்சார்லோன் என்னும் கழியில் நீருக்கடியில் ஒலிவாங்கி அமைக்கப்பெற்று, ஒரு தொலைபேசி எண்ணுடன் இணைக்கப்பெற்றது. அவ்வெண்ணை எங்கிருந்து அழைத்தாலும் அந்நொடியில் அங்கு எழுந்த ஒலி செவியில் விழுந்தது. காட்சிக்கூடத்தில் இருந்தது அந்த எண் வெண்ணிற ஒளிவிளக்காய் எழுதப்பெற்ற சுவரே. இங்குத் தொலைவு மறைக்கப்படவில்லை. தொலைபேசி என்னும் கருவியே தொலைவை உணர்த்துகின்றது. தொலைவில் உள்ளார் ஒருவரை அழைக்கும் செயல், நிலம் ஒன்றனை அழைக்கும் செயலாயிற்று. மறுமொழி பெறாது கேட்டல் மட்டுமே செய்யும் அந்நிலையில் பிரிவுணர்வு தானே பிறக்கின்றது. கண்ணையும் மெய்யையும் விலக்கிச் செவி ஒன்றனையே பற்றிய இச்சுருக்கம், பாளங்களின் பருமையினும் ஆழமுடையது.

மூன்றாவது, ஐஸ்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஸ்டிக்கிசோல்மூர் என்னும் சிற்றூரில் ரோனி ஹார்ன் 2007இல் அமைத்த ‘நீர் நூலகம்’. முன்னர் நூலகமாக இருந்த கட்டடத்தில் தரைமுதல் கூரைவரை 24 கண்ணாடித் தூண்கள் நிற்கின்றன. அந்நாட்டுப் பனியாறுகள் 24இன் பனி உருகிய நீர் அவற்றுள் நிறைந்துள்ளது. தரையில் வானிலையையும் மனநிலையையும் ஒருங்கே குறிக்கும் சொற்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. இதன்கண் பனி இல்லை, உருகுதலும் இல்லை, உருகி முடிந்த பின்னர் எஞ்சிய நீரே உள்ளது. வெளியே கடலும் ஊரும் தூண்களின் வழியே வளைந்து தோன்றும். அந்நாட்டை விட்டு அகலாமையின் நிலத்தோடும் இப்படைப்பு முரணவில்லை.

இப்படைப்பின் பொருளைக் காலம் மாற்றியது. அவ்விருபத்து நான்கனுள் ஒன்றாகிய ஓக் என்பது 2014இல் பனியாறு என்னும் தகுதியை இழந்ததாக அறிவிக்கப்பெற்றது. 2019இல் அம்மலைமேல் நினைவுப் பட்டயம் ஒன்றும் பதிக்கப்பெற்றது. தொகுப்பாக அமைந்த தூண் அன்றுமுதல் எச்சமாயிற்று. கலைஞர் எதனையும் மாற்றவில்லை. தூணின் நீரும் மாறவில்லை. அதன் முன் நிற்பவர் உணர்வு மாறிற்று. அவ்வுணர்வு அகத்திணைப் பிரிவன்று. இறந்தாரை எண்ணிச் செயலற்று நிற்கும் கையறுநிலையோடு ஒப்பது. மூன்றனுள்ளும் இதனையே தலையாயதெனக் கொள்வோம். ஏனையவை காண்போர் வியப்பைத் தொடக்கமாகக் கொண்டன. இது யாதும் வலியுறுத்தாது காத்திருந்தது.

திரையொளியாலும் செயற்கைக் குளிராலும் முனைநிலத்தையே அறைக்குள் அடைத்துத் தருவதாகக் கூறும் காட்சிகள் இன்று பல. அவை கலவாத நிலத்தைக் கலந்ததாகக் காட்டுவன. ஆதலின் வியப்பு நீங்கியதும் எஞ்சுவது ஒன்றில்லை. மேற்கண்ட மூன்றும் நிலம் வாராது என்பதை ஒப்புக்கொண்டு, பொழுதை உண்மையாகக் காட்டியமையால் உணர்வு விளைத்தன. இத்தகு படைப்பை மதிப்பிடுவோர், எத்துணைப் பெரிது, எத்துணைக் குளிர்ந்தது என வினவுதல் போதாது. எப்பொழுதைத் தந்தது, அதிலிருந்து எவ்வுணர்வு பிறந்தது என வினவுதலே முறை.