மரணமில்லா வீரரும் முடிவில்லாக் கதைகளும்

அமெரிக்கச் சித்திரக்கதைச் சஞ்சிகைகளில் உலவும் அதிமனித வீரர்களின் கதைகளைத் தொடர்ந்து படிப்போரிடையே நெடுங்காலமாக ஒரு மனக்குறை நிலவி வருகிறது. சென்ற ஆண்டு மாண்டவன் இவ்வாண்டு எழுந்து நடமாடுகிறான். நடந்தது நடக்கவேயில்லை என்றாகிறது. வாசகன் பல்லாண்டு காலம் பொறுமையோடு பின்தொடர்ந்த ஒரு வாழ்க்கை ஒரே இதழில் அழிக்கப்பட்டு, ‘முதலாம் இலக்கம்’ என்ற புதிய முத்திரையோடு மறுபடியும் தொடங்குகிறது. இக்குறையைக் கேட்டு இலக்கிய வித்தகர் சிலர் நகைப்பர். சிறுவர் படிக்கும் படக்கதைக்குக் காரணகாரியத் தொடர்பு எதற்கு என்பது அவர்தம் கேள்வி. ஆயின், கோடிக்கணக்கான மக்களின் கற்பனையை ஆட்கொண்ட ஒரு கலைவடிவத்தை நகைத்து ஒதுக்குவது விமர்சனமாகாது. அவ்வாசகரின் சினத்திலே இலக்கியத்தின் அடிப்படைக் கோரிக்கையொன்று பொதிந்துள்ளது. அதனை விளங்கிக்கொள்வது விமர்சகனின் கடமையாகும்.

இதற்கு அவ்வீரர்களின் பிறப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1938 ஜூன் மாதத் திகதியிட்ட ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலாம் இதழிலே சுப்பர்மேன் தோன்றினான். அவனைப் படைத்தோர் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் எனும் இரு இளைஞர்கள். பொருளாதார மந்தத்தின் கொடுமை நீங்காத காலம் அது. ஆதலின் ஆரம்பகாலச் சுப்பர்மேன் ஊழல் அரசியல்வாதியை அச்சுறுத்தினான். பாதுகாப்பற்ற சுரங்கமொன்றின் முதலாளியை அதே சுரங்கத்தினுள் அகப்படச் செய்து தொழிலாளியின் நிலையை உணர்த்தினான். சேரிகளை இடித்துத் தள்ளி, அவ்விடத்தில் நல்ல வீடுகளை அரசாங்கம் கட்டியே தீரவேண்டிய நிலையை உண்டாக்கினான். ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே அவனது சினம் தணிக்கப்பட்டது. சமுதாயக் கேடுகளின் இடத்தை வேற்றுலகப் பகைவர் பிடித்துக்கொண்டனர். சீகலும் ஷஸ்டரும் அவ்வீரன்மீதான உரிமை அனைத்தையும் 130 டொலருக்கு ஏற்கெனவே விற்றிருந்தனர். உரிமையை மீட்கத் தொடுத்த வழக்கிலும் அவர்கள் வெற்றி பெறவில்லை. 1975இல், சுப்பர்மேன் திரைப்படத்துக்கான ஆயத்தங்கள் நடந்த வேளையில், பகிரங்கக் கண்டனம் எழுந்த பின்னரே, அறுபது வயதைக் கடந்துவிட்ட அவ்விருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் வீதம் உதவிப்பணமும், படைத்தோர் என்ற பெயரும் கிடைத்தன.

கதைகளின் இன்றைய குழப்பத்துக்கான வித்து இந்த விற்பனையிலேயே ஊன்றப்பட்டது எனலாம். ஒரு பாத்திரம் கலைஞனின் கையிலிருக்கும்வரை அதற்கு வளர்ச்சியும் முடிவும் உண்டு. கொம்பனியின் உடைமையானபின் அது ஒரு வியாபார முத்திரையாகிவிடுகிறது. பொம்மையிலும் சட்டையிலும் திரையிலும் அச்சிடப்படும் முகம் மூப்படையலாகாது, சாகவும் ஆகாது.

இத்தாலிய அறிஞர் உம்பேர்த்தோ எக்கோ 1962இல் எழுதிய கட்டுரையொன்றில் இச்சிக்கலை நுட்பமாக எடுத்துக்காட்டினார். செயல் புரியும் மனிதன் ஒவ்வொரு செயலாலும் காலத்தில் முன்னேறி மரணத்தை ஓரடி அணுகுகிறான். சுப்பர்மேனோ செயல் புரியவும் வேண்டும், தேய்ந்துபோகாமல் இருக்கவும் வேண்டும். எனவே அவனது கதைகளில் காலம் கனவிற்போலக் கலங்கிக் கிடக்கிறது; ஒவ்வொரு கதையும் முன்னைய கதையின் விளைவின்றிப் புதிதாகத் தொடங்குகிறது என்பது எக்கோவின் கருத்து. உலகின் முகத்தையே மாற்றவல்ல ஆற்றல் படைத்தவன், கொள்ளையரைத் துரத்துவதோடும் தருமம் செய்வதோடும் அமைதியடைவதையும் அவர் சுட்டத் தவறவில்லை.

எக்கோவின் கட்டுரை வெளிவந்த அதே 1962இல், இந்நிலையை மாற்றக்கூடிய ஒரு பாத்திரம் பிறந்தது. ஸ்ரான் லீயும் ஸ்ரீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன், வீட்டுச் செலவுக்குப் பணமின்றித் தவித்த ஒரு மாணவன். அவன் 1965இல் பாடசாலையை முடித்துப் பல்கலைக்கழகம் புகுந்தான். 1973இல் தன் காதலி குவென் ஸ்ரேசியை இழந்தான். 1987இல் வேறொருத்தியை மணந்தான். வாசகர் அவனோடு சேர்ந்து வளர்ந்தனர். அவனை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் ஒரு சஞ்சிகையில் நடந்தது மறு சஞ்சிகையில் நினைவுகூரப்பட்டது. முன்னைய இதழின் இலக்கம் அடிக்குறிப்பிலே தரப்பட்டது. முரண்பாடொன்றைக் கண்டுபிடித்து அதற்குத் தகுந்த விளக்கமும் எழுதியனுப்பிய வாசகருக்கு அந்நிறுவனம் ஒரு பரிசு அனுப்பியது. அது ஒரு வெற்றுறை! வேடிக்கையாகச் செய்யப்பட்டதெனினும், அதன் உட்பொருள் ஆழமானது. கதையைச் செப்பனிடும் உழைப்பு வாசகனுடையது. கதையின் உரிமை கொம்பனியுடையது.

தொடர்ச்சி என்பது விற்பனை உபாயமும் ஆகும் என்பதை வெளியீட்டாளர் விரைவிலே கண்டுகொண்டனர். மார்வெல் 1984இல் தொடங்கிய ‘இரகசியப் போர்கள்’ என்ற பன்னிரு இதழ்த் தொடர், மற்றெல் கொம்பனியின் விளையாட்டுப் பொம்மைகளோடு இணைத்தே திட்டமிடப்பட்டது. 1992 நவம்பரில் சுப்பர்மேனின் மரணத்தைக் கூறிய இதழ் கறுப்பு உறையிலிடப்பட்டு, துக்கம் காக்கும் கைப்பட்டியும் சேர்த்து விற்கப்பட்டது. வாங்குவோர் கடைவாயில்களில் வரிசையில் நின்றனர். ஓராண்டு கழியுமுன்னரே அவன் உயிர்த்தெழுந்தான். மரணமும் ஒரு விற்பனைப் பண்டமாயிற்று.

இவற்றினும் கொடியது, வளர்ந்த வாழ்வை மீளவும் சுருக்குவதாகும். ‘ஃபிளாஷ்’ எனும் வீரன் 1985இல் உலகைக் காக்க உயிர்நீத்தான். அவனுக்குத் துணைவனாயிருந்த வோலி வெஸ்ற் என்ற இளைஞன் அப்பெயரையும் பொறுப்பையும் ஏற்று, தவறுகள் செய்து, முதிர்ச்சியடைந்து, மணம்புரிந்து, தந்தையுமானான். இரு தசாப்தங்களுக்கு மேலாக நிலைத்த அந்த மரணம், தலைமுறை மாற்றம் என்ற உண்மையை இக்கதைகளுக்குள் கொணர்ந்தது. ஆனால் 2008இல் மூத்தவன் மீட்டழைக்கப்பட்டான். 2011இல் டீ.சீ. நிறுவனம் 52 சஞ்சிகைகளை முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கியபோது வோலியும் அவன் குடும்பமும் இல்லாதொழிந்தனர். 2016இல் அவன் திரும்பியபோது மனைவிக்கு அவனை யாரென்றே தெரியவில்லை. ஸ்பைடர்மேனின் கதியும் இதுவே: 2007இல், அவனது திருமணம் பேயொன்றோடு செய்த உடன்படிக்கையினால் நடந்திராத ஒன்றாக்கப்பட்டது.

பழங்கதைகளுக்கும் பல வடிவங்கள் உண்டல்லவா, அவ்வாறே இவற்றையும் கொள்ளலாகாதா என வினவுவோர் உளர். வினா தக்கதே. ஆயின் பழங்கதையை மாற்றியவர் மக்கள். பாணனும் கூத்தனும் தத்தம் காலத்தின் தேவைக்கேற்ப மாற்றினர். எவரும் அதன் தனியுரிமையாளர் அல்லர். மேலும், வீரயுகப் பாட்டிலே வீரன் மடிகிறான். மடிந்தமையாலேயே அவனுக்கு நடுகல் எழுகிறது. மரணத்தின் இடத்தை விடுமுறை எடுத்துக்கொண்டால் தியாகம் என்ற சொல்லுக்கே பொருளில்லாது போய்விடும்.

குற்றம் சித்திரக்கதை எனும் வடிவத்தினதா? அன்று. பிராங்க் கிங் 1918இல் தொடங்கிய ‘கசொலின் அலி’ என்ற பத்திரிகைத் தொடரில், 1921இல் வாயிற்படியில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை, வாசகரோடு சேர்ந்து வளர்ந்து, போருக்குச் சென்று, மணம்புரிந்து, முதுமையும் எய்தியது. ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’, நாற்சிகளின் வதைமுகாமிலிருந்து மீண்ட தன் தந்தையின் வரலாற்றை முடிவுவரை கூறி, 1992இல் புலிற்சர் விசேட பரிசைப் பெற்றது. ஆயின் முடிவுற்ற படைப்புக்கும் பாதுகாப்பில்லை என்பதற்கு அலன் மூரும் டேவ் கிப்பன்சும் 1986-87இல் படைத்த ‘வொச்மென்’ சான்றாகும். நூல் அச்சில் இல்லாதுபோயின் உரிமை படைப்பாளரிடம் மீளும் என்பது ஒப்பந்தம். விற்பனை நிற்கவேயில்லை, உரிமையும் மீளவில்லை. 2012இல், மூரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, அதற்கு முற்கதைகள் வெளியிடப்பட்டன.

எதுவும் நிலையாக மாறாது, எந்தச் செயலுக்கும் விளைவில்லை, எவ்வளவு போராடினும் உலகம் பழைய நிலைக்கே மீளும் என்பதை இக்கதைகள் மாதந்தோறும் இளம் உள்ளங்களுக்குப் புகட்டி வருகின்றன. இதற்கெதிராக வாசகன் எழுப்பும் குரலை வெறும் பிடிவாதமென்று தள்ளுதல் தவறு. செயலுக்கு விளைவு வேண்டும், மாண்டவனுக்கு மதிப்பு வேண்டும், வளர்ந்தவன் வளர்ந்தவனாகவே வாழ வேண்டும் என்பன மனித வாழ்வு பற்றிய நியாயமான கோரிக்கைகள். ஆயின் அக்குரல் இன்று பெரும்பாலும் இந்த எழுத்தாளனையோ அந்த ஓவியனையோ நோக்கியே எழுகிறது. அவர்களோ கூலிக்கு எழுதி, அடுத்து வருபவன் அழித்துவிடுவான் என்றறிந்தே எழுதுபவர்கள். படைத்தவனுக்குத் தன் படைப்பின்மீதும் அதன் முடிவின்மீதும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கையாக வாசகரின் சினம் வளரவேண்டும். அவ்வாறு வளருமாயின், 130 டொலருக்குத் தம் வீரனை இழந்த அவ்விரு இளைஞரின் வழக்கும் வாசகரின் வழக்கும் ஒன்றே என்பது தெளிவாகும்.