வேதாளம் கேட்ட கேள்வியும் எமது பிள்ளைகளின் வாசிப்பும்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றதும் சீறாப்புராணம், படைப்போர், கிஸ்ஸா, முனாஜாத்து என்று கணக்கெடுக்கத் தொடங்கிவிடுகிறோம். இவற்றையெல்லாம் ஆராயப் புறப்பட்ட எம்மைப் பத்து வயதில் வாசகராக்கியது எது என்று கேட்டால் பலரும் சிரித்து மழுப்புகிறார்கள். என்னை வாசகனாக்கியது அம்புலிமாமா. அதிலும் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைத்தொடர்.

நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய சஞ்சிகை அது. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. ஆகவே நாலந்தாவில் எங்கட கைக்குக் கிடைத்தவை, மாத்தளைக்குப் போய்வரும்போது வாப்பா யாரிடமோ வாங்கிவந்த பழைய, அட்டை போன பிரதிகள். தொடர்கதைகளின் நடு அத்தியாயம் இருக்கும், முடிவு இருக்காது. வேதாளக் கதைக்கு மட்டும் அந்தக் குறை இல்லை. அந்தந்த இதழில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும்.

முடிந்துவிடும் என்று சொல்வதும் சரியில்லை. மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டு அரசன் நடக்கிறான். (ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை மறந்தவர் உண்டா?) பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். 11ஆம் நூற்றாண்டில் கஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் எழுதிவைத்தது இருபத்தைந்து கதைகள்தான். அம்புலிமாமாக்காரர்கள் அதே சட்டத்துக்குள் நூற்றுக்கணக்கில் புதிதாக எழுதிக்கொண்டே போனார்கள். பாதிக் கதைகள் சுமார்தான். கேள்வி சுமாரில்லை. தியாகம் செய்த மூவரில் யார் பெரியவர், தண்டனை யாருக்கு நியாயம்? அரசனின் விடையைப் பார்க்க முன்னர் தம்பியும் நானும் சண்டை பிடிப்போம். அரசன் சொன்னது பிழை என்று தம்பி பல தடவை தீர்ப்புச் சொல்லியிருக்கிறான். பாடசாலைப் புத்தகம் எதுவும் எங்களை அப்படி வாதாட விடவில்லை.

உம்மாவுக்கு இது பிடிக்காது. "இருட்டுல பேய்க்கத வாசிக்காதீங்க மகன், கெட்ட கனவு வரும்" என்பார். ஓதப்போன இடத்தில் ஒரு ஹஸரத், பொய்க்கதை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இன்றும் ஹாரி பொட்டரைச் சூனியப் புத்தகம் என்று அலுமாரியில் பூட்டிவைக்கும் பெற்றோரை அறிவேன். அவர்களது அச்சத்தை ஏளனம் செய்யமாட்டேன், அகீதா விளையாட்டல்ல. ஆனால் வேதாளத்தை நம்பியவர் எங்களுள் ஒருவரும் இல்லை. கதை என்பது கதைதான் என்று பத்து வயதிலேயே வெளங்கியிருந்தது.

அந்தப் புத்தகங்களிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்தக் காட்டுக்குள் யாருக்கு முகம் இருக்கிறது? அம்புலிமாமாவில் எம்மவர் வந்தால் பாக்தாதில் வருவார்கள்: கலீஃபாவாக, தலைப்பாகை வணிகராக. பக்கத்து ஊர்ப் பையனாக வந்ததை நான் காணவேயில்லை. மாயமும் துணிச்சலும் எப்போதும் வேறெங்கோ வேறு யாருக்கோ நடப்பவை என்ற எண்ணம் அப்படித்தான் எங்களுக்குள் ஊறியது. வேதாளத்தைவிட இதுவே எனக்குக் கவலை.

பின்னாளில் ஆயிரத்தொரு இரவுகளைப் பெரிய புத்தகமாக வாசித்தபோது சிந்துபாத்தின் ஆறாம் பயணத்தில் திடுக்கிட்டேன். கப்பல் உடைந்து, குகைக்குள் ஓடும் ஆற்றில் தெப்பம் விட்டு அவன் கரையேறுவது ஸரந்தீபில். ஆதம் நபி இறங்கிய மலையும் அங்கே வருகிறது. அரபியனுக்கு எமது தீவே மாயத் தீவு! வீட்டுக்கு அருகில் நாலந்தா கெடிகே நிற்கிறது. திராவிடக் கோயில்போன்ற அந்தப் பௌத்தக் கற்கட்டடத்தை, போவதென்ன நீர்த்தேக்கம் மூழ்கடித்துவிடும் என்று கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்ப அடுக்கினார்கள். இடம் மாறி நிற்கும் கல்வீடு! சிந்துபாத்துக்குக் காட்டினால் விட்டிருப்பானா? எமது எழுத்தில் அதைத் தொட்ட ஒரு சிறுவர் கதையை நான் கண்டதில்லை.

எமக்கு இது புதிய வித்தையுமல்ல. கண்டியிலிருந்து சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அஸன்பேயுடைய கதை' ஒரு சாகசக் கதைதான்: குழந்தையில் கடத்தப்பட்ட அஸன், ஊர் ஊராக அலைச்சல், ஆபத்து. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பெருமையோடு குறிப்பிடுகிறோம். ஆண்டையும் ஆசிரியரையும் மனனம் செய்து பரீட்சையில் எழுதுகிறோம். பிள்ளையின் கையில் கொடுப்பதில்லை. அந்த நடையை இன்றைய பிள்ளையால் வாசிக்கவும் முடியாது. எளிய தமிழில், படங்களோடு யாராவது செய்தால் முதல் பிரதி எனக்கு வேண்டும். அப்போதும் ஒரு குறை இருக்கும்: அஸன் பிறப்பது காஹிராவில்.

என் பேத்தி இப்போது ஹாரி பொட்டரின் நான்காம் பாகத்தில் நிற்கிறா. அதில் பட்டில் என்று இரட்டைச் சகோதரிகள் வருகிறார்களாம். "அவங்க இந்தியப் பிள்ளைகள் அப்பா, ஆனா கதையில அவங்களுக்குப் பெரிய வேலையொன்டும் இல்ல" என்றா. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே எண்ணிப் பார்த்திருக்கிறா. இப்போது கொப்பியொன்றில் ஏதோ எழுதுகிறா. கெடிகேயின் கற்களில் ஒன்று அடுக்கும்போது குறைந்துபோனதாம். மிச்சத்தை எனக்குக் காட்டமாட்டேன் என்கிறா.