எஞ்சினுக்குப் பின்னால் வரும் வேகன்கள்

மாதிரி ரயில் சேகரிப்பவரின் வீட்டுக்கு முதன்முறை போகிறவர்களின் கண் எஞ்சின்கள் மேல்தான் விழும். கோட்ஹார்ட் மலைப்பாதையில் ஓடிய சுவிஸ் ‘முதலை’, யூனியன் பசிபிக்கின் ‘பிக் பாய்’, நீராவி வேகத்தில் சாதனை படைத்த ‘மல்லார்டு’ என்று பேர்பெற்றவை எல்லாம் அலமாரியின் முன்வரிசையில் நிற்கும். அந்த ஆசை இல்லாமல் யாரும் இதற்குள் வருவதில்லை. ஆனால் ஒரு சேகரிப்பின் தரத்தை எடைபோடச் சொன்னால், எஞ்சின்களைத் தாண்டி அவற்றுக்குப் பின்னால் நிற்கும் சரக்கு வேகன்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். புகழ்பெற்ற எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். எந்த எஞ்சினோடு, எந்த ஆண்டில், எந்த வேகன் நியாயமாகச் சேர்ந்து ஓட முடியும் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் இப்படி ஒரு படிப்புக்கே இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகர ரயில் செய்தவர்கள் ஆளுக்கோர் அளவில் செய்தார்கள். ஒருவரிடம் வாங்கிய வண்டி இன்னொருவரின் தண்டவாளத்தில் ஏறாது. ஜெர்மனியில் கோப்பிங்கன் ஊரைச் சேர்ந்த மெர்க்லின் நிறுவனம் 1859-ல் பொம்மை வீட்டுக்கான தகரச் சாமான்களோடு தொழிலைத் தொடங்கியது. அது 1891-ல் லைப்சிக் வசந்தச் சந்தைக்கு, எண்ணிட்ட கேஜ்களோடு, அதாவது தண்டவாள அகலங்களோடு, கூடிய ரயில் வரிசையைக் கொண்டுவந்தது. இந்தப் பிறந்தநாளுக்கு ஒரு வட்டப் பாதை, அடுத்ததற்கு ஒரு கிளைப்பாதை, அதற்கடுத்து இரண்டு வேகன் என்று வாங்கிச் சேர்க்க முடிந்தது. சேகரிப்பு என்ற பழக்கமே அந்தச் சந்தையில்தான் பிறந்தது என்பேன். அன்றைய வரிசையில் 45 மி.மீ. அகலமுள்ள ஒன்றாம் கேஜுக்கு இன்றும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

பிறகு எல்லாம் சுருங்கத் தொடங்கின. நூரம்பர்க்கின் பிங் நிறுவனம் 1922-ல் சாப்பாட்டு மேசை மேலேயே ஓட்டக்கூடிய ரயிலைக் கொண்டுவந்தது. 1935-ல் மெர்க்லினும் டிரிக்ஸ் நிறுவனமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்தச் சிறிய அளவில் மின்சார ரயில்களை வெளியிட்டன. அதுவே பின்னாளில் எச்ஓ என்று நிலைபெற்றது: ஸ்கேல் 1:87, கேஜ் 16.5 மி.மீ. நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கினோம் என்பது ஸ்கேல். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள தூரம் கேஜ். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடங்களில்தான் பாணிகள் பிரிந்தன.

ஜெர்மன் பாணிக்கு மெர்க்லினே முகம். நடுவில் மூன்றாவது மின்தடம், மாறுமின்சாரம், எஞ்சினுக்கு அடியில் ஒரு வழுக்குக் கட்டை. நடுக்கம்பி கண்ணை உறுத்துகிறது என்று 1950களில் அதைத் தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே சிறு புள்ளிகளாக மாற்றினார்கள். அன்றைய எஞ்சினை இன்றைய பாதையில் வைத்தால் பெரும்பாலும் ஓடும். இந்த விசுவாசம் வேறு எந்த நிறுவனத்திடமும் இவ்வளவு காலம் நீடித்ததில்லை. ஆனால் அது தனி உலகம். மெர்க்லின் வேகனின் இரு பக்கச் சக்கரங்களும் உலோக அச்சால் மின்தொடர்பு கொண்டவை. ஃபிளைஷ்மன், ரோகோ போன்ற மற்ற நிறுவனங்களின் வண்டிகள் ஓடும் இரு தண்டவாள நேர்மின்னோட்டப் பாதையில் அந்த வேகனை அப்படியே வைத்தால் ஷார்ட் ஆகும். சக்கரங்களை மாற்றியாக வேண்டும்.

ஐரோப்பா வேகன் சேகரிப்புக்குச் செய்த பெரிய உபகாரம் காலப் பகுப்பு. ஐரோப்பிய மாதிரி ரயில் சங்கங்களின் கூட்டமைப்பான மோரோப் 1954-ல் உருவானது. அதன் நியமங்கள் சக்கரத்தையும், வேகன்களை இணைக்கும் கப்ளர் பொருத்தும் பொந்தையும் அளந்ததோடு நிற்காமல், ரயில்வே வரலாற்றையே ‘எபோக்’ என்ற கட்டங்களாகப் பிரித்தன. போருக்குப் பிந்தைய நீராவி, டீசல் கலப்புக் காலம் மூன்றாம் எபோக். பக்கவாட்டில் 12 இலக்க எண் எழுதிய வேகன் நான்காம் எபோக்கிலோ அதற்குப் பிறகோதான் வர முடியும். அட்டைப்பெட்டியின் மேல் எபோக்கை ரோமன் எண்ணில் அச்சிட்டிருக்கும் அந்த ஒற்றைக் குறி, புதிதாக வருகிறவர் செய்யக்கூடிய தவறுகளில் பாதியைத் தடுத்துவிடுகிறது.

பிரிட்டனின் கதை வேறு. அங்கே நிஜ ரயில்களே உயரத்திலும் அகலத்திலும் சிறியவை. 1:87 அளவில் செய்த எஞ்சினுக்குள் அன்றைய மோட்டார் அடங்கவில்லை. அதனால் உடலை 1:76 ஆகப் பெருக்கிக்கொண்டு, தண்டவாளத்தை 16.5 மி.மீ. ஆகவே விட்டுவிட்டார்கள். இதுதான் ஓஓ. 1938-ல் வந்த ஹார்ன்பி டப்லோ ரயில் வரிசை இதை நாடு முழுவதும் நிலைநாட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தண்டவாளம் நான்கடி ஒன்றரை அங்குல அகலப் பாதைக்குச் சமம். நிஜப் பாதையோ நான்கடி எட்டரை அங்குலம். முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் குறுகிய காலில் நிற்பது தெரியும். இதைப் பொறுக்காதவர்கள் 18.2 மி.மீ. கேஜில் இ.எம். பாணியையும், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை விடாமல் 18.83-ல் பி4 பாணியையும் உருவாக்கினார்கள். அவர்கள் சக்கரம் முதல் பாதை வரை தாங்களே கட்டுகிறவர்கள். எண்ணிக்கையில் சிலர்தான். கடையில் கிடைக்கும் மாதிரிகளின் தரம் உயர்ந்ததற்கு அவர்களின் பிடிவாதமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

பிரிட்டிஷ் வேகன்களில் என்னைக் கட்டிப்போடுபவை நிலக்கரி வியாபாரிகளின் சொந்த வேகன்கள். ஏழு பலகை உயரம், பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தில் சுரங்கத்தின் பெயரும் ஊரும். இரண்டாம் உலகப் போரில் அரசு அவற்றைப் பொதுத் தொகுப்பில் சேர்த்தது. 1948-ல் நாட்டுடைமையான பிறகு அவை உரியவர்களிடம் திரும்பவே இல்லை. ஆகவே பளிச்சென்ற வியாபாரி வேகனை 1950களின் பிரிட்டிஷ் ரயில்வேஸ் எஞ்சினோடு கோப்பது பொருந்தாது. எழுத்து மங்கி, இடையில் ஒட்டுப்பலகை போட்டு, மூலையில் புது எண் எழுதிய வேகன் என்றால் பொருந்தும்.

இங்கே நம் ஊர் ரயிலைக் கட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் அகலப் பாதை 1676 மி.மீ. எச்ஓ அளவில் அதற்கு 19 மி.மீ.க்குச் சற்று மேல் வேண்டும். 16.5-ல் ஓட்டினால் ஓஓவைவிட அதிகமாகவே குறுகித் தெரியும். பழைய மீட்டர் கேஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. சுவிஸ் மலை ரயில்களுக்காக விற்கும் 12 மி.மீ. பாதை எச்ஓ மீட்டர் கேஜுக்கு ஏறக்குறைய சரியாகவே அமையும். தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் கூட்ஸ் வண்டி ஒன்றைக் கட்ட நினைப்பவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

அமெரிக்கப் பாணியில்தான் சரக்கு வேகன் தனக்குரிய இடத்தைப் பெற்றது. 1900-ல் நியூயார்க்கில் தொடங்கிய லயனல், மூன்று தண்டவாள ரயிலை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அது பொம்மை உலகம். 1934-ல் மில்வாக்கியிலிருந்து ‘மாடல் ரெயில்ரோடர்’ பத்திரிகை வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதே ஊரில் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. கூடியது. சக்கரத்துக்கும் பாதைக்கும் பொது அளவு வகுப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. அந்தச் சங்கத்தின் அளவுத் தகடு உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு உலோகத் துண்டு. அதன் ஓரத்தில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் சக்கரங்களின் விளிம்புகள் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் வேகன் எவ்வளவு அழகானாலும் பாதை பிரியும் இடத்தில் தடம் புரளும்.

எடைக்கும் கணக்கு உண்டு. எச்ஓவில் அடிப்படையாக ஓர் அவுன்ஸ், அதன்மேல் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறங்குல நீள வேகன் நாலு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் இருக்க வேண்டும். நீண்ட வண்டியில் இலேசான வேகன் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டால், வளைவில் முன்னும் பின்னும் இழுபட்டு உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். கூடவே இன்னொரு நுட்பம்: வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களான இரண்டு போகிகளில் ஒன்றின் திருகாணியைத் திரும்ப மட்டும் இடம்விட்டு இறுக்க வேண்டும், மற்றதைக் கொஞ்சம் தளர்த்திப் பக்கவாட்டிலும் அசைய விட வேண்டும். அப்போதுதான் மேடுபள்ளத்தில் நாலு மூலையும் ஆடாமல் வேகன் மூன்று புள்ளியில் நிற்கும். காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல், வேகன் சரியில்லை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கப்ளர் விஷயத்தில் இந்தச் சங்கமே திணறியது. எல்லாருக்கும் பொதுவாக அதன் குழு வரைந்த எக்ஸ்2எஃப் கொக்கி பரவியதே தவிர, நியமமாக ஏற்கப்படவில்லை. பார்க்கவும் நிஜக் கப்ளர் போல இல்லை. தீர்வு ஆரகனைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் சகோதரர்களின் கேடி நிறுவனத்திலிருந்து வந்தது. விரல் மடக்கினாற்போல் நிஜக் கப்ளரின் வடிவம், கீழே தொங்கும் வளைந்த கம்பி, பாதைக்கு நடுவே ஒரு காந்தம். காந்தத்தின் மேல் நின்று இழுவையைத் தளர்த்தினால் கை படாமல் வேகன்கள் பிரியும். காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் அதே வடிவைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்க எச்ஓ வேகன்கள் யாருடையதானாலும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன.

இனி வேகனைப் படிக்கும் கலை. மூடிய சரக்கு வேகனான நாற்பதடி பாக்ஸ் கார் ஒன்றைக் கையில் எடுங்கள். பக்கவாட்டில் கட்டிய மாதமும் ஆண்டும் சின்ன எழுத்தில் இருக்கும். கூரைமேல் நடைபலகை இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்மேன் கூரைமேல் நடக்கும் தேவை போனதால் 1966 முதல் புது வேகன்களில் அது நின்றுபோனது. வண்ணப் பட்டைகள் அடுக்கிய சிறு தகடு பக்கத்தில் ஒட்டியிருந்தால், அது ஓடும் வேகனைக் கருவி அடையாளம் காண 1967-ல் கொண்டுவந்த முறை, 1977-ல் கைவிடப்பட்டது. இறைச்சி, பீர் கம்பெனிகளின் விளம்பரம் பக்கமெல்லாம் தீட்டிய குளிர்பதன வேகன்கள் மிக அழகானவை. அவற்றின் விளம்பரத்தை மாகாணங்களிடை வர்த்தக ஆணையம் 1934-ல் தடை செய்தது. 1950களின் டீசல் எஞ்சினுக்குப் பின்னால் அப்படிப் பத்து வேகன்களைக் கோத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அலமாரியில் தனி வரிசையாக வைத்தால் அவற்றின் அழகு முழுதாகத் தெரியும்.

விகிதம் இன்னும் முக்கியம். நிஜ சரக்கு ரயிலில் அபூர்வமான வேகன் ஒன்றோ இரண்டோதான். மற்றவை எல்லாம் செங்கல் நிறப் பாக்ஸ் கார்களும் கறுப்பு நிலக்கரி வேகன்களும். சேகரிப்புகளில் இது தலைகீழாக இருக்கிறது. சாதாரண வேகனை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. புல்மன் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் பி.எஸ்-1 பாக்ஸ் கார் போல ஆயிரக்கணக்கில் ஓடிய ஒரே வகையை, எண்ணும் அழுக்கும் மட்டும் மாறும்படி ஐந்தாறு வைத்திருப்பவரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அழுக்கு என்றதும் ஜான் ஆலன் நினைவுக்கு வருவார். கலிபோர்னியாவின் மான்டரேயில் ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்ற பெரிய எச்ஓ உலகத்தைக் கட்டியவர். துருவும் புகையும் தூசும் ஏறிய வண்டிகளே நிஜம் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டினார். 1973-ல் அவர் இறந்த சில நாட்களில் அந்த அமைப்பு தீயில் அழிந்தது. பெட்டி பிரிக்காத வேகனுக்கு விலை கூடும், அழுக்குத் தீட்டியதற்குக் குறையும் என்று விற்பனைச் சந்தை சொல்லும். கைதேர்ந்தவர் தீட்டிய வேகனுக்கு அந்தக் கணக்கைப் பொருத்துவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

‘என்’ (N) எனப்படும் ஸ்கேல் எச்ஓவைவிடச் சிறியது. 1:160, கேஜ் 9 மி.மீ. நூரம்பர்க்கின் ஆர்னால்ட் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் இதை நிலைநிறுத்தியது. தன் ராப்பிடோ கப்ளரை மற்ற உற்பத்தியாளர்களும் பயன்படுத்த விட்டது அது செய்த மிக நல்ல காரியம். ‘என்’ ஸ்கேல் தொடக்கம் முதலே ஒரே கொக்கியில் ஒன்றுபட்டது. அமெரிக்காவில் கேடியின் ‘என்’ பிரிவு 1990-ல் மைக்ரோ டிரெயின்ஸ் ஆகப் பிரிந்தது. அதன் வேகன்களில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எழுத்து பிசிறில்லாமல் இருக்கும். ஒரே உடலை வெவ்வேறு ரயில்வே பெயர்களில் வெளியிட்டு வருவதால், வரிசை எண்ணை வைத்தே தேடிச் சேர்ப்பவர்கள் அதற்கென்றே இருக்கிறார்கள்.

ஜப்பானில் கேட்டோ நிறுவனம் 1965-ல் சி50 நீராவி எஞ்சினோடு இந்த அளவைத் தொடங்கியது. அங்கே பெரும்பாலான பாதை 1067 மி.மீ. வண்டிகளை 1:150-ல் செய்து 9 மி.மீ.யிலேயே ஓட்டுகிறார்கள், ஷின்கான்சென் மட்டும் 1:160. பிரிட்டனில் பாதை குறுகியது என்றால் இங்கே அகன்றுவிட்டது. புத்தகம் போல் அடுக்கும் பெட்டிகளில் முழு வண்டித் தொடரையும் ஒன்றாக விற்பது ஜப்பானியப் பழக்கம். இடம் குறைந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. 1972-ல் மெர்க்லின் கொண்டுவந்த 1:220 இசட் இதைவிடவும் சிறியது. சரக்கு வேகன் வகைகள் அதில் மெதுவாகத்தான் பெருகின.

கடைசியாகப் பராமரிப்பு. பழைய துத்தநாக வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். போருக்கு முந்தைய எஞ்சின் உடலிலோ வேகன் அடிச்சட்டத்திலோ மயிரிழை விரிசலும் உப்பலும் தெரிந்தால் வாங்காதீர்கள். அதைத் தடுக்க வழியில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் கையால் செய்த பித்தளை மாதிரிகள் வைத்திருப்போர் பெட்டிக்குள் உள்ள பழைய நுரைப் பஞ்சை எடுத்துவிட வேண்டும். நாளடைவில் அது பிசுபிசுத்துப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும், நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை போட்டு, செய்த நிறுவனம், வேகன் எண், எந்த ஆண்டுகளுக்குப் பொருந்தும், எதை மாற்றினோம் என்று எழுதுங்கள். கழற்றிய சக்கரத்தையும் கப்ளரையும் சிறு உறையில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள். அந்த வேகன் அடுத்து யார் கைக்குப் போனாலும் அவர் அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும்.